பச்சைக் கப்பல்

கண்ணாடிச் சட்டக்காரருக்கு,

தபால்தலைச் சேகரிப்பாளர் சங்கத்துக் கூட்டத்தில் நீங்கள் பேசியது என் காதுக்கும் வந்துவிட்டது. “அசலை நான் எடுத்துக்கிட்டேன், போலியை அவ தலையில கட்டிட்டேன்” என்று சொல்லிச் சிரித்தீர்களாமே.

நாம் பிரிந்த அன்று சாப்பாட்டு மேசையில் பச்சைக் கப்பல் போட்ட இரண்டு தபால்தலைகள் கிடந்தன. ஒன்று செதுக்கிய தகட்டில் அச்சடித்த அசல். மற்றது ஆஃப்செட்டில் அடித்த போலி. எது எது என்று குறித்து வைக்காதது நம் சோம்பேறித்தனம். நீங்கள் லென்ஸை வைத்துப் பார்த்துப் பளிச்சென்று இருந்ததை எடுத்துக்கொண்டுபோய்க் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டினீர்கள். பளிச்சென்று எதைக் கண்டாலும் உங்களுக்குக் கை தானாக நீளும். அது எனக்கு அந்த மேசைக்கு முன்பே தெரியும்.

நான் இரண்டையும் விரலால் தடவிப் பார்த்திருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

இப்போது சட்டத்தைக் கழற்றுங்கள். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைத் தபால்தலைமேல் வைத்து விரலால் தேயுங்கள். அசலில் மை மேடு கட்டியிருக்கும், கோடுகள் தாளில் எழும்பும். உங்களுடையதில் ஒன்றும் எழும்பாது. உடனே கப்பல் கவிழ்ந்தவர் மாதிரி கன்னத்தில் கை வைத்துவிடாதீர்கள், இன்னும் இருக்கிறது.

இந்தக் கடிதம் வந்த உறையைப் பாருங்கள். ஆமாம், அதுதான் அசல். இத்தனை வருடம் முத்திரை படாமல் காப்பாற்றியது.

தபால் நிலையத்துப் பெண், “இது பழசு, செல்லாதும்மா” என்றாள்.

“செல்லுறது பக்கத்துலயே ஒட்டியிருக்கேன். இதுமேலயும் நல்லா ஓங்கி ஒரு குத்து குத்துங்க.”

நட்டநடுவில் குத்தினாள். உறையை இன்னும் மூடவில்லை; இந்த வரிகளை அவள் மேசையிலேயே நின்று எழுதுகிறேன்.

இனி இரண்டும் உங்களுக்கே. இன்னொரு கண்ணாடிச் சட்டம் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தவள்