உள்ளே இருப்பது தெரியும் பை

மார்ச் 3, செவ்வாய்

கழிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஒரு மாதம் ஆயிற்று. டயப்பர் வகையறாவை உள்ளே இருப்பது தெரியும் பையில் கட்டி, சிவப்புப் பட்டையில் வீட்டு எண் எழுதி, அவரவர் கதவில் மாட்ட வேண்டும். நாடு முழுவதும் ஒரே விதி. எட்டு ஆண்டுகளுக்கு முன் அவ்விதியை வகுத்த அரசுக் குழுவில் புள்ளியியல் பேராசிரியை என்ற தகுதியில் நானும் இருந்தேன். அந்தப் பை மட்டுமாவது மறைப்பாக இருக்கட்டும் என்று ஒரு மருத்துவர் மன்றாடினார். "வெட்கத்தைவிட மலிவான மேற்பார்வையாளர் அரசுக்குக் கிடைப்பாரா?" என்று கேட்டேன். குழுவே சிரித்தது. மருத்துவர் சிரிக்கவில்லை.

அப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது. சிறுநீர் சொன்ன பேச்சைக் கேட்டது. இப்போது எழுபத்தாறு.

இன்றும் என் டயப்பரை நாளிதழில் சுற்றி, ஓட்ஸ் அட்டைப்பெட்டிக்குள் திணித்து, வாயை ஒட்டி, கீழே உலர் கழிவுக்கான பொதுத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன். திருடனுக்குக்கூட இவ்வளவு சிரத்தை இருக்காது.

மார்ச் 7, சனி

அகப்பட்டுவிட்டது. நான் அல்ல, பெட்டி.

குப்பையைத் தரம் பிரிக்கும் பெண் அதைக் கிழித்துக் கையை விட்டிருக்கிறாள். வாசலில் நின்று கத்தினாள்: "எந்த மகராசி வேலை இது? காகிதம்னு நம்பிக் கையை விட்டேனே! நல்லா இருங்கம்மா, நல்லா இருங்க!" இரண்டாம் மாடியில், சன்னல் திரைக்குப் பின்னால், மகராசி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இதுவரை மூன்று பெட்டிகளாம். தவறு. நான்கு.

மார்ச் 9, திங்கள்

குற்றவாளியை எழுத்தில் தெரிவிக்கும்வரை மாநகராட்சிக்காரர்கள் எங்கள் கட்டடத்தின் கழிவை எடுக்க மாட்டார்களாம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்தார். வாரம் ஒரு சுற்றறிக்கை ஒட்டுவதால் நான் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'சுற்றறிக்கை'.

"எல்லாம் பெரியவங்க டயப்பர், மேடம். படுத்த படுக்கையா இருக்கிறது உங்க எதிர்வீட்டுப் பெரியவர் ஒருத்தர்தான். வேற யாரா இருக்கும்? விசாரணைக்கு நீங்கதான் தலைமை தாங்கணும். சட்டமே உங்களோடதாச்சே!"

மறுத்தால் சந்தேகம் வரும் என்று ஒப்புக்கொண்டேன். எழுதவே கை கூசுகிறது, எழுதித் தொலைக்கிறேன்.

மார்ச் 11, புதன்

எதிர்வீட்டு மருமகள், வேலை பார்க்கும் துணிக்கடையின் சீருடையோடு அவசரமாக வந்து நின்றாள்.

"எங்க மாமனாருக்கு ஒரு நாளைக்கு நாலு. நாலும் கதவுல தொங்குது. போறவங்க வர்றவங்க எல்லாம் மூக்கைப் பொத்திக்கிட்டுப் பாக்கறாங்க. ஒளிக்கிறவளா இருந்தா அதை எதுக்கு மாட்டறேன்? நீங்களே சொல்லுங்க டீச்சரம்மா. நீங்க படிச்சவங்க."

படித்தவள் என்ன சொன்னாள்? "சான்றுகளைப் பரிசீலிப்போம்" என்றாள். பிறகு, குற்றம் அந்த வீட்டினுடையது என்னும் கடிதத்தில் கையெழுத்திட்டாள். அது அவர்களுடைய வீட்டு உரிமையாளருக்கும் போகிறது. அவரோ காலி செய்யச் சொல்ல ஒரு சாக்குக்காகக் காத்திருப்பவர். படுக்கையில் கிடக்கும் மனிதரோடு போனால் எவன் வீடு கொடுப்பான்?

நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கலையே. ஏன் திறக்கலை? சீ.

மார்ச் 12, வியாழன்

சாப்பாடு இறங்காது என்று நினைத்தேன். நன்றாகவே இறங்கியது. அதுவும் வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 14, சனி

உண்மையை எழுதிச் சுற்றறிக்கையிடம் கொடுத்தேன். படித்தார், நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "இது எனக்கு வரவே இல்லை, மேடம். உங்க பேரு என்ன ஆகறது? அவங்க எப்படியும் வாடகைக்கு இருக்கிறவங்கதானே."

ஒரு நொடி ஆறுதலாக இருந்தது. அந்த நொடியும் இங்கே பதிவாகட்டும்.

நேரே போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். மருமகள் திறந்தாள்.

"அந்தப் பெட்டிகள் என்னுடையவை" என்றேன்.

"எந்தப் பெட்டி?"

"டயப்பர். எனக்குத்தான். நான்தான் போட்டேன்."

உள்ளிருந்து மாமனார், "யாரும்மா வந்திருக்கிறது?" என்று கேட்டார். அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "யாருமில்ல மாமா" என்றாள். கதவைச் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் தேவலை, மெதுவாகத்தான் சாத்தினாள்.

மார்ச் 15, ஞாயிறு

காலை ஏழு மணிக்குப் பையைக் கதவில் மாட்டினேன். பட்டையில் என் வீட்டு எண். செயலாளரின் மனைவி படியேறி வந்தவள், எதிர்ச் சுவரில் ஏதோ எழுதியிருப்பதைப் போல அதையே பார்த்துக்கொண்டு போனாள். எதிர்வீட்டு உரிமையாளருக்கு நானே தொலைபேசியில் சொன்னேன். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

பிறகு கீழே இறங்கித் தரம் பிரிக்கும் பெண்ணிடமும் சொன்னேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "நீங்களாம்மா?" என்றாள். "அன்னிக்கு எனக்கு விரல்ல புண்ணு இருந்துச்சு. ரெண்டு நாள் பயந்துக்கிட்டே இருந்தேன்."

எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள முயன்றதும் இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

உரிமையாளர் அந்தக் கடிதத்தைச் சங்கத்துக்கே திருப்பி அனுப்பிவிட்டார். எதிர்வீட்டார் எங்கும் போகவில்லை.

மருமகள் பத்து நாட்களாக என்னோடு ஒரு சொல் பேசவில்லை. பேச வேண்டும் என்று சட்டமும் இல்லை. இன்று வேலைக்குக் கிளம்பியவள் என் கதவருகே நின்றாள். மாட்டியிருந்த பையைக் கையில் ஏந்தி, திருப்பிப் பார்த்தாள்.

"முடிச்சு லூசா இருக்கு. ஒழுகும்" என்றாள்.

அவிழ்த்தேன். அவள் நின்று பார்த்துக்கொண்டிருக்க, இறுக்கிக் கட்டினேன்.