பிஸ்டனுக்கு வைத்த பொட்டு

என்னங்க,

நான் முதல் ரயிலுக்குக் கிளம்பிவிட்டேன். நீங்கள் அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனம் வரவில்லை. களியும் கீரைக் கடைசலும் அடுப்பு மேடையில் இருக்கின்றன. நிறைய இருக்கிறதே என்று பார்க்காதீர்கள். உங்கள் தம்பி ரூபேஷ் பக்கத்து ஊர் பாலகாட்டிலிருந்து வருகிறான். நான்தான் போன் செய்தேன்.

நீங்கள் மண்ணெண்ணெயில் கழுவி வைத்திருந்த பிஸ்டனுக்கு நேற்று அவன் குங்குமப் பொட்டு வைத்தது பிசகுதான். தூள் உள்ளே போனால் சிலிண்டரைக் கீறிவிடும் என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் உங்கள் அப்பாவின் பைக் மறுபடி ஓட வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் வைத்தான். "அறிவு கீதாடா உனக்கு?" என்று நீங்கள் கத்தியதும் சாப்பிடாமலே போய்விட்டான். போனை எடுத்ததும், "அண்ணன் இன்னும் கோவமா கீறாரா அண்ணி?" என்றுதான் கேட்டான்.

சாமி நம்மிடம் பெரிதாக எதுவும் கேட்பதில்லை. வந்தவனை உட்கார வைத்துத் தட்டு போடுங்கள். இன்ஜினைப் பூட்டியதும் முதல் கிக்கை அவன் அடிக்கட்டும்.

நளினி

போல்ட்டுகளை என் இட்லித் தட்டின் குழிகளில் போடாதீர்கள். பிஸ்கட் டப்பா எடுத்து வைத்திருக்கிறேன்.

கிண்ணத்தில் சந்தனம் குழைத்திருக்கிறேன். ஹெட்லைட்டுக்கு ரூபேஷ் பொட்டு வைக்கட்டும். அது இன்ஜினுக்குள் போகாது.

சாயங்காலம் என்னை அழைக்க அந்த பைக் ஸ்டேஷனுக்கு வந்தால், ஓட்டி வருவது அவனாக இருக்கட்டும். நீங்கள் வந்தால் நான் நடந்தே வீட்டுக்கு வருவேன்.