பெத்தேலோவின் கால்

அன்பும் மரியாதையும் மிகுந்த பெனினா அக்காவுக்கு,

சவாயித் தீவிலிருந்து உங்கள் தம்பி மனைவி மதலேனா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் நலம் என்று எழுதக் கை வரவில்லை. என் இடது கண் வீங்கி மூடிக்கிடக்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போனில் பேசினால் அவர் காதில் விழும். அதனால்தான் பழம் பறிக்க நாளைக்கு நியூசிலாந்துக்கு விமானம் ஏறும் என் சித்தப்பா மகனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

கண்ணில் குத்தியது உங்கள் தம்பிதான். ஆனால் அன்று அவர் அவராக இல்லை. ஞாயிற்றுக்கிழமை போதகர் வீட்டில் பன்றி சுட்டிருந்தார்கள். வயிறு முட்டத் தின்னலாம் என்று கணக்குப் போட்டு, காலையில் ஒன்றும் சாப்பிடாமல், சர்க்கரை மாத்திரையை இரண்டு மடங்காக விழுங்கியிருக்கிறார். நான் பார்த்துக் கத்தினேன். “பன்னி ஒரு பக்கம், மாத்திர ஒரு பக்கம். சரியாப் போயிடும், நீ வாய மூடு”ன்னார். போதகரோ பிரசங்கத்தை முடிப்பதாக இல்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கண் எங்கோ நிலைகுத்தி நின்றது. சபை டீக்கன் ஐயோவானே, “என்ன பெத்தேலோ, பசி தாங்கலையா?”ன்னு தோளைத் தொட்டார். அவ்வளவுதான். ஒரே குத்தில் டீக்கனின் முன்பல் இரண்டும் புல்லில் விழுந்தன. அடுத்து நாற்காலியைத் தூக்கி வீசினார், கஞ்சிப் பானை கவிழ்ந்து இரண்டு பெண்களுக்குக் காலெல்லாம் வெந்துபோயிற்று. பிடிக்கப் போன எனக்குக் கண்ணில் குத்து விழுந்தது. பேய் பிடித்துவிட்டது என்று கிழவிகள் ஓலமிட்டார்கள். நான்கு ஆண்கள் அவரைத் தரையில் அமுக்கி மேலே உட்கார்ந்தார்கள்.

நர்ஸ் சியேனி மட்டும் ஓடிவந்து, “பேயுமில்ல பூதமுமில்ல, சர்க்கரை அடிமட்டத்துக்குப் போயிருச்சு! சாப்பிடாம மாத்திர போட்டா இப்படித்தான், தள்ளுங்கடா!”ன்னு சர்க்கரையை அள்ளி அவர் ஈறில் தேய்த்தாள். அவள் விரலையும் கடித்துவிட்டார், அக்கா. கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. என்னைப் பார்த்து, “மதலேனா, ஒன்னைய யாரு அடிச்சா? பேரச் சொல்லு, அவனக் கொன்னுடுறேன்”ன்னு எழுந்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

அமுக்கிப் பிடித்ததில் அவர் சப்பாத்து கழன்றுவிட்டது. அப்போதுதான் எல்லாரும் பார்த்தோம். வலது பெருவிரலும் பக்கத்து விரலும் கறுத்து நாற்றமெடுத்திருந்தன, உள்ளே ஒரு பவளப்பாறைத் துண்டு குத்தி நின்றது. என்றைக்குக் குத்தியதோ, அவருக்கே தெரியவில்லை. வலியே இல்லையாம். மறுநாள் டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். இந்த வாரத்துக்குள் விரல்களை எடுத்தால் கால் தப்பும், விட்டால் கால் போகும், அதையும் விட்டால் ஆளே போய்விடுவார் என்றார்.

அதிலிருந்து உங்கள் தம்பி தோட்டத்துக் கத்தியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். “எவன் என் காலத் தொடுறானோ, அவன் கால நான் மொதல்ல எடுக்குறேன்” என்கிறார். சர்க்கரை பார்க்கும் மிஷினைக் கல்லில் வைத்து நசுக்கினார். ஆஸ்பத்திரி வண்டியின் டயரைக் கிழித்தார். நம் மகன் அவுகுசோ பின்பக்கமாக வந்து தூக்கப் பார்த்தான், முழங்கை வரை கிழித்துவிட்டார். பெற்ற பிள்ளையின் ரத்தம் பாய் முழுக்க. எனக்குப் பொறுக்கவில்லை, தேங்காய் துருவும் பலகையால் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தேன். அதற்கு நான் வருத்தப்படவில்லை.

இதற்கு முன்பு இத்தனை நாளும் நான் என்னதான் செய்யவில்லை? சேப்பங்கிழங்கை உள்ளங்கை அளவுக்குக் குறைத்தேன். “ஜெயில்லகூட இதவிடப் பெருசாப் போடுவான்” என்றார். தேங்காய்ப்பாலை நிறுத்தி மீனும் கீரையும் போட்டேன். விடிந்ததும் கடற்கரையில் கூடவே நடந்தேன், பாதி வழியில் வாழைப்பழம் பறித்துத் தின்பார். அப்படியும் சர்க்கரை இறங்கத்தான் செய்தது. அப்போதுதான் உங்கள் உப்பு மாட்டிறைச்சி வாளிகள் வந்தன. கோபித்துக்கொள்ளாதீர்கள், சொல்லியே ஆக வேண்டும். “அக்கா குடுத்தத மிச்சம் வெச்சா நான் தம்பியா?”ன்னு அடிவரைக்கும் வழித்துத் தின்றார். பாசத்தை வாளியில் போட்டு அனுப்பாதீர்கள், அக்கா.

நம் ஊரில் தம்பிக்கு அக்கா சொல்தான் எல்லாம். போதகர் சொன்னார், ஊர்த்தலைவர் சொன்னார், அவர் கேட்கவில்லை. உங்கள் குரல் கேட்டால் மட்டும் இன்றும் காலை மடக்கி உட்கார்ந்து தலை குனிகிறார். நீங்கள் சொன்னால் கத்தி கீழே வரும். ஆனால் வெறும் சொல் போதாதோ என்று பயமாக இருக்கிறது. “அவங்க அங்க சொகமா இருக்காங்க, அவங்களுக்கென்ன தெரியும்”னு மனசுக்குள் நினைத்துவிட்டால் என்ன செய்வேன்?

உங்கள் மகள் லூப்பே என்னிடம் எல்லாம் சொல்லிவிட்டாள். அவளைத் திட்டாதீர்கள். போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வராதது டிக்கெட் விலையால் இல்லை என்று எனக்குத் தெரியும். தம்பி தாங்கமாட்டான் என்றுதானே மறைத்தீர்கள்? அக்கா தன் தொடையைத் தம்பிக்குக் காட்டுவது நம்மில் எவ்வளவு பெரிய வெட்கம் என்பதும் தெரியும். சாதாரண நாளில் இதைக் கேட்டாலே என் வாய் அழுகிப்போகட்டும்.

இருந்தும் கேட்கிறேன். கடிதம் கிடைத்த உடனே வீடியோவில் கூப்பிடுங்கள். போனை நான் அவர் கண்ணுக்கு நேரே பிடிக்கிறேன். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். போர்வையை விலக்கி, சர்க்கரை கொண்டுபோன உங்கள் கால் இருந்த இடத்தைக் காட்டுங்கள். அவர் அலறுவார், மண்ணில் விழுந்து புரள்வார், அலறட்டும். கத்தியை நான் எடுத்துக்கொள்கிறேன். வண்டிக்குப் புது டயர் போட்டாகிவிட்டது.

ஆண்டவர் உங்களைத் தாங்கிப் பிடிப்பாராக.

இப்படிக்கு,
உங்கள் பாதம் தொட்டு வணங்க இப்போதும் ஒரு பாதம் மிச்சமிருக்கிறதே என்று நன்றி சொல்லும்
மதலேனா