மட்டை இடக்கைக்கா வலக்கைக்கா

பத்துபஸ்தி, போர்ட் பிளேர்
12.11.2017, ஞாயிறு

அன்பு மகள் தமிழரசிக்கு உன் அப்பா குழந்தைவேலு எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் நடமாடுகிற அளவுக்குச் சுகமாகவே இருக்கிறோம். பெங்களூர்க் குளிரில் நீயும் சளி, இருமல் என்று படுக்காமல் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. போன ஞாயிறுதானே போனில் பேசினோம், அதற்குள் என்ன கடிதம் என்று யோசிப்பாய். காரணம் இருக்கிறது. உன் கோச் சந்திரசேகர் சார் கேட்டுவரச் சொன்னதாக ஒரு கேள்வி கேட்டாய், "அப்பா, சின்ன வயசுல எனக்கு எந்தக் கைப் பழக்கம், ஞாபகம் இருக்கா" என்று. பிறவியிலேயே இடக்கை என்றால் இடக்கை கோல்ஃப் மட்டையாக வாங்கி, ஒரு வருஷம் போனாலும் போகட்டும் என்று முதலிலிருந்து பழக வேண்டும், இல்லையென்றால் வலக்கையிலேயே தொடர வேண்டும், இது வீட்டாருக்குத்தான் தெரியும் என்று அவர் சொன்னதாகச் சொன்னாய். வலது கைதான் என்று நான் பட்டென்று சொல்லிவிட்டு, லைன் சரியில்லை என்று போனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் முதலில் மட்டைகளைப் பற்றி எழுதிவிடுகிறேன், அது சுலபம்.

இங்கே ஒரு வாரமாக விடாத மழை. ரங்கத் போகிற கப்பலை மூன்று நாளாக எடுக்கவில்லை, ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் ஜனங்கள் மூட்டை முடிச்சோடு உட்கார்ந்திருக்கிறார்கள். காய்கறி வரத்து இல்லை, தினமும் பருப்புதான். மைதானத்தில் புல்வெட்டி இறக்க முடியாத ஈரம், எனக்கு வேலையே இல்லை, அதுவே பெரிய தொல்லையாகிவிட்டது. வீட்டுச் சாக்கடையை மூன்று தரம் தோண்டிவிட்டேன், ஒழுகாத கூரைக்குத் தார் பூசினேன், விமானம் இறங்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் வாசலில் போய் நிற்கிறேன். "காலுல சக்கரம் கட்டினாப்பல என்னத்துக்கு இப்படி அலையுறீங்க, ஒரு இடத்துல குந்துங்க" என்று அம்மா சத்தம் போடுகிறாள். எதற்கு அலைகிறேன் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கு முழங்கால் வலி கொஞ்சம் தேவலை, வாய்க்கு ஒரு குறையும் இல்லை.

நீ அனுப்பிய மூன்று கம்பெனிப் படங்களும் என் போனில் இறங்கவே இல்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மைதானத்தில் ஆட வருகிற நம் கமாண்டர் சாப் காதில் போட்டேன், அவர் தன் வீட்டிலேயே அச்செடுத்துக் கொடுத்தார். கடையே கிடையாது, நடுவில் ஆள் கிடையாது, செய்கிறவன் கம்ப்யூட்டர் வழியாக ஆர்டர் எடுத்து நேரே வீட்டுக்கு அனுப்புவான் என்று அவர் சொன்னதும் எனக்குப் பகீர் என்றது. உன் அம்மா ஒரு சேலை எடுக்க நாலு கடை ஏறி இறங்குகிறவள், பிரித்துப் பார்த்து, கசக்கிப் பார்த்து, கடைசியில் முதல் கடைக்கே திரும்பிப் போவாள். தொட்டுக்கூடப் பார்க்காமல் மட்டை வாங்குவதா என்றேன். அதற்குக் கமாண்டர் சாப், "அரே வேலு, கடையில விக்கிறதும் இதே மாதிரி பட்டறையில செஞ்சதுதான், நடுவுல இருக்கிறவன் பங்கும் பெரிய பிளேயர் போட்டோவுக்குக் கொடுத்த பங்கும்தான் கூடுதல்" என்றார். சரி என்று மூன்றையும் தரையில் பரப்பி வைத்து இரண்டு நாள் பார்த்தேன். மட்டை பிடித்து ஆடத் தெரியாதவன்தான், ஆனால் பன்னிரண்டு வருஷமாக ஆடுகிறவர்கள் மட்டையால் பெயர்த்த மண்ணை அள்ளிக் கொட்டி அடைக்கிறவன் நான். எந்த மட்டை என்ன செய்யும் என்று மட்டையைப் பார்த்தால் தெரியாவிட்டாலும் மண்ணைப் பார்த்தால் தெரியும்.

முதல் கம்பெனி செட் படத்தில் நகைக்கடை மாதிரி மின்னுகிறது, மெல்லிய தகடு. அது வேண்டாம். அடிப்பக்கம் ஒல்லியான மட்டை மண்ணுக்குள் இறங்கிவிடும். இங்கே அந்த மாதிரி செட் வைத்திருக்கிறவர்கள் இரண்டு பேர், ஒருவர் கெட்டிக்காரர், இன்னொருவர் ஆடிவிட்டுப் போன இடத்தில் எருமை புரண்ட மாதிரி இருக்கும், யார் பெயரையும் எழுத மாட்டேன். இரண்டாவது செட் தடிமன், அடிப்பாகம் அகலம், சரியாகப் படாவிட்டாலும் பந்து போய்விடும். பதினைந்து நாள் அடித்துப் பார்க்க ஒரே ஒரு ஏழாம் நம்பர் அயர்ன் அனுப்புவானாம், நியாயமான ஆள்தான். ஆனால் கமாண்டர் சாப் அவன் கொடுத்த சாய்வுக் கணக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டார். நம்பர் குறையக் குறையத் தூரம் கூடும், இவன் ஆறாம் நம்பரின் சாய்வை வைத்துக்கொண்டு மேலே ஏழு என்று எழுதியிருக்கிறானாம், ஏழாம் நம்பர் இவ்வளவு தூரம் போகிறதே என்று வாங்குகிறவன் மயங்குவான் என்று. அந்த ஏமாற்று கடைசியில் குழிக்குக் கிட்டத்திலிருந்து அடிக்கிற குட்டை அடியில் வந்து நிற்கும், ஒரு மட்டையில் பந்து தாண்டிப் போகும், அடுத்ததில் எட்டாது. உன்னை இரண்டு தடவையும் கோச் தேர்வில் கவிழ்த்தது அந்தக் குட்டை அடிதானே. மூன்றாவது கம்பெனிதான் என் மனதுக்குப் பிடித்தது. உயரம், மணிக்கட்டிலிருந்து தரை வரை அளவு, கை அகலம் எல்லாம் கேட்டு, ஆளுக்குத் தகுந்தபடி தண்டை வெட்டிச் செய்கிறான். இடக்கைக்கும் வலக்கைக்கும் ஒரே மாதிரி செய்கிறவனும் அவன்தான், மற்ற இருவரும் இடக்கை என்றால் ஒன்றிரண்டு மட்டையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஒரே குறை, வெட்டிய மட்டையைத் திரும்ப எடுக்க மாட்டான். இந்த வெள்ளிக்கிழமைக்குள் வருகிற ஆர்டரைத்தான் இந்த வருஷம் செய்வான் என்றும் நீ சொன்னாய். அளவு எடுக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து நின்று வேறொருத்தியை அளக்கச் சொல், நீயே குனிந்து அளந்தால் தப்பாகப் போகும்.

இன்னொன்று, மே மாதம் லீவில் வந்தபோது சாப் கொடுத்த பழைய செட்டில் நீ ஆடினாய், நான் பின்னாலேயே மணல் வாளியோடு வந்தேன். நீ பெயர்த்த மண்ணில் மட்டையின் நுனிப் பக்கம் ஆழமாகவும் தண்டு சேருகிற பக்கம் ஆழமில்லாமலும் இருந்தது. மட்டைத் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தி வைக்கச் சொல்லி ஆர்டர் படிவத்தில் எழுது, சந்திரசேகர் சாரிடமும் கேட்டுக்கொள். அன்று ஏழாவது குழி ஆடும்போது உன் பந்து வேலிக்கம்பியை ஒட்டிப் போய் விழுந்தது, வலக்கைக்காரி நிற்க இடமில்லை. நீ சிரித்துக்கொண்டே அந்தப் பக்கம் போய் நின்று, மட்டையைத் திருப்பிப் பிடித்து, இடக்கைக்காரி மாதிரி ஓர் அடி அடித்தாய். அந்தப் பக்கம் நின்று நீ ஒரு நாளும் பழகியதில்லை, மட்டையும் அதற்கானதில்லை. பந்து நூல் பிடித்தாற்போல் போனது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் மணல் அள்ளுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். ஆகையால் நீ போனில் கேட்டுத்தான் எனக்கு ஞாபகம் வந்தது என்று நினைக்காதே, எனக்கு மே மாதமே வந்துவிட்டது.

இனித் தள்ளிப்போட முடியாது, எழுதிவிடுகிறேன். நீ வலது கை இல்லை தமிழரசி. பிறந்ததிலிருந்து உனக்கு இடது கைதான். தவழும்போது கிலுகிலுப்பையை எடுத்தது அந்தக் கை, கரித்துண்டால் லயத்து வீட்டுச் சுவரில் கோடு கிழித்தது அந்தக் கை, சோற்றுக்கும் அதுதான் முதலில் வரும். நாம் அப்போது கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். சிலோனிலிருந்து எங்களைக் கொண்டுவந்து இறக்கிய இடம், எங்களுக்குத் தெரிந்த ஒரே வேலை பால் வெட்டு. மரத்தில் கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டும், கத்தியின் வளைவும் வலக்கைக்காகவே அடித்தது. நொட்டாங்கைக்காரன் வெட்டினால் பட்டையைத் தாண்டிக் கட்டையில் காயம் விழும், மரம் பாழாகும், காலையில் ஆள் எடுக்கிற பெரட்டுக்கு நின்றாலும் அவனைக் கணக்கப்பிள்ளை திருப்பி அனுப்புவார், நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாளைக்கு என் பெயரில் உனக்கு வேலை கிடைக்கும்போது உன்னையும் அப்படித் திருப்பி அனுப்புவார்களே என்று பயந்தேன். அதோடு சாமிக்குப் பூப்போட, நாலு பேர் வீட்டில் சாப்பிட இடக்கையா என்று ஊர் வாய் வேறு. உனக்கு நாலு வயசு நடந்தபோது ஒரு பழைய வேட்டித் துண்டைக் கிழித்து உன் இடக்கையை அரைஞாணோடு சேர்த்துக் கட்டினேன். காலையில் கட்டினால் நான் காட்டிலிருந்து வரும் வரைக்கும் அவிழ்க்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போவேன்.

உன் அம்மா மத்தியானத்தில் எனக்குத் தெரியாமல் அவிழ்த்துவிடுவாள். ஒருநாள் சீக்கிரம் வந்து அதைப் பார்த்துவிட்டேன். அவளைத் திட்டியதோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. அந்தக் கையை நீட்டச் சொல்லி உன் உள்ளங்கையில் ஈர்க்குச்சியால் அடித்தேன், எத்தனை அடி என்று தெரியாது. அதற்குப் பிறகு கட்டவே தேவையில்லாமல் போயிற்று. நான் வாசல்படி ஏறுகிற சத்தம் கேட்டதும் நீயே அந்தக் கையைப் பாவாடை மடிப்புக்குள் ஒளித்துக்கொள்வாய். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன், பிள்ளை திருந்திவிட்டாள் என்று பெரட்டுக் களத்தில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டேன். நீ பள்ளிக்கூடம் போனபோது வலக்கையால் அழகாக எழுதினாய், எல்லாரும் மறந்தார்கள், நீயும் மறந்தாய். அப்புறம் உன் பதினோராவது வயசில் கடல் வந்தது. தோட்டம் போனது, லயம் போனது, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கப்பலில் இங்கே வந்தோம், நான் கோல்ஃப் மைதானத்தில் மாலி வேலைக்கு, அதாவது தோட்டக்காரனாகச் சேர்ந்தேன். நீ ஒரு மரத்தில்கூடக் கத்தி வைக்கவில்லை. எந்த வேலைக்காக உன் கையைக் கட்டினேனோ அந்த வேலை உன் வாழ்க்கையில் வரவே இல்லை. நீயோ அந்த மைதானத்தில் பந்து பொறுக்கப் போய், அவர்கள் கழித்துப்போட்ட வலக்கை மட்டையிலேயே பழகினாய். பந்து வலப்பக்கம் ஓடுகிறது, கை எனக்குச் சொந்தமில்லாத மாதிரி இருக்கிறது என்று நீ சொல்லும் போதெல்லாம் பழகினால் சரியாகும் என்று சொல்லிவிட்டுப் புல்வெட்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவேன்.

போனில் ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பாய். வெட்கம்தான், வேறென்ன. உண்மையைச் சொன்னால் பத்து வருஷப் பழக்கத்தை விட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டுமே, அதிலும் தோற்றால் அதற்கும் நானே காரணம் ஆவேனே என்ற பயமும் இருந்தது. அம்மா பக்கத்திலேயே நின்று நான் சொன்ன பதிலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து என்னிடம் ஒரே பேச்சுத்தான், "அந்தப் புள்ள தெரியாமக் காசக் குடுத்து தப்பான கைக்கு வெட்டி வாங்கப் போவுது, நான் சொல்லிப்புடுவேன், ஆனா நீங்க சொன்னாத்தான் அது சொன்னது" என்று. இருபது வருஷத்தில் அவள் அந்த ஈர்க்குச்சியைப் பற்றி ஒரு தரமும் வாய் திறந்ததில்லை, இந்த வாரம் திறந்தாள். மூன்று தரம் உன் நம்பரை அழுத்திவிட்டு, மணி அடிக்கும் முன்னே வைத்துவிட்டேன். அதனால்தான் இந்தக் கடிதம். ஜெட்டியில் வேலை செய்கிற ஆவுடையப்பன் அண்ணன் செவ்வாய்க்கிழமை விமானத்தில் மெயின்லேண்ட் போகிறார், சென்னையிலிருந்து இராத்திரி ரயில் ஏறி புதன்கிழமை பெங்களூரில் அவர் தம்பி வீட்டில் இருப்பார். உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புகிறேன். அவர் பிரித்துப் படிக்கிற ஆள் இல்லை, ஆனாலும் உறையை மூன்று இடத்தில் ஒட்டியிருக்கிறேன்.

மட்டைக்கு மூன்றாவது கம்பெனிதான், அதை அடித்துச் சொல்வேன். எந்தக் கை என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். உன் கைக்காக ஒருமுறை நான் முடிவெடுத்தது போதும். இடக்கைக்கு மாறினாலும், இத்தனை வருஷம் பழகிய வலக்கையே போதும் என்றாலும், நீயும் சந்திரசேகர் சாரும் பேசி எடுக்கிற முடிவுதான். கோபம் வந்தால் என் மேல் காட்டு, அம்மா மேல் காட்டாதே, அவள் அவிழ்த்துவிட்டவள். கொஞ்ச நாள் என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் அதுவும் சரிதான், ஞாயிற்றுக்கிழமை அவளுக்காவது போன் செய்.

நீ எடுத்த காரியம் கைகூடி, மூன்றாவது தேர்வில் தேறி, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிற நல்ல கோச்சாகப் பேரும் புகழுமாக நீடூழி வாழ வேண்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள், மறந்துவிடாதே. பொங்கலுக்கு வரும்போது எனக்காக ஒன்றும் வாங்கி வர வேண்டாம். வந்து இறங்கியதும், எதிர்வீட்டு ஜெயலட்சுமி அக்கா பார்த்தாலும் பரவாயில்லை, எனக்கு ஒரு செம்புத் தண்ணீர் அந்த இடக்கையால் கொடும்மா. இரண்டு கையாலும் வாங்கிக் குடிக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா
மு. குழந்தைவேலு