நூற்றுக்கு நூற்று மூன்று

ஆகஸ்ட் 12, திங்கள்

நேற்று மாலை ஒரு வழியாக என் புருஷனை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். நிமோனியா அடங்கிவிட்டது, நெஞ்சில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அது தானாகக் கரையும் என்றார் டாக்டர். கூடவே எனக்கு ஒரு வேலையும் கொடுத்தார். காலை, மதியம், இரவு என்று அவர் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டி ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 92-க்குக் கீழே இறங்கினால் யோசிக்காமல் திரும்ப அழைத்து வர வேண்டும். நல்ல உடம்புக்காரர்களுக்கு 95-க்கு மேல் இருக்குமாம், பெரும்பாலும் 98.

வரும் வழியிலேயே மருந்துக்கடையில் ஒன்று வாங்கினேன். தீப்பெட்டி அளவுதான் இருக்கிறது. மேலே ஆக்சிஜன், கீழே நாடித் துடிப்பு. கீழே உள்ளதை டாக்டர் கேட்கவில்லை, நானும் பார்க்கவில்லை. காலை 94, மதியம் 94, இரவு 95.

லோகேஸ்வரனுக்கு இது பிடிக்கவில்லை. பிறைத் துறைமுகத்தில் அத்தனை பெரிய லாரியை ஓட்டுகிற மனுஷனை ஒரு துணி கிளிப் அதட்டுகிறதே என்று கோபம். "என்னைய என்ன கொடியில காயப் போடப் போறியா?" என்றார். போடலாம். கொடி தாங்கும், அவ்வளவு இளைத்திருக்கிறார்.

எப்படியோ, அவர் கட்டிலில் அவர் படுத்துக் குறட்டை விடுகிறார். அது போதும் எனக்கு. வார்டு வாசல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து காலெல்லாம் மரத்துக் கிடக்கிறது. இப்போது கட்டில் பக்கத்தில் நம் வீட்டு நாற்காலி. அதே உட்காரல்தான், ஆனால் மெத்தை உண்டு.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

93. 95. 92. 94. ஏன் இப்படிக் குதிக்கிறது?

ஷர்மினி கோலாலம்பூரிலிருந்து போன் செய்தாள். "மூனு தடவ பாக்கச் சொன்னா மூனு தடவ பாருங்கம்மா. அப்பா என்ன, கடிகாரமா?" என்று கேட்கிறாள். சொல்வாள். அவளா பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறாள்?

ஆகஸ்ட் 15, வியாழன்

காலையில் 90. கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பையில் அவர் சட்டையைத் திணித்தேன், எதிர்வீட்டு ரொஸ்னாவின் கதவைத் தட்டி "காடிய எடும்மா" என்றேன். அவள் கார்ச் சாவியோடு வந்து நிற்கிறாள், இவர் சாவகாசமாக டீ கேட்கிறார். இன்னொரு தடவை மாட்டினேன். 95. "விரலு சில்லுன்னு இருந்துச்சு, அதான்லா" என்று கையைத் தேய்த்துக் காட்டுகிறார். ரொஸ்னா சிரித்துக்கொண்டே திரும்பிப் போனாள். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். நான் என்ன சும்மா ஆளா? பாயான் பாரு தொழிற்சாலையில் சர்க்யூட் பலகைகளுக்குக் கடைசிச் சோதனை என்னுடையது. கருவி மேல் சந்தேகம் வந்தால் நாங்கள் உடனே சரக்கைக் குறை சொல்ல மாட்டோம். நல்லது என்று உறுதியான பலகை ஒன்றைத் தனியாகப் பூட்டி வைத்திருப்போம். கோல்டன் சாம்பிள் என்று பெயர். அதை மாட்டிப் பார்த்தால் கருவியின் யோக்கியதை தெரிந்துவிடும்.

இந்த வீட்டில் கோல்டன் சாம்பிள் யார்? நான்தான். டாக்டர் சீட்டு வாங்கி எம்.சி. லீவு எடுத்து எத்தனை வருஷம் என்று எனக்கே ஞாபகமில்லை. காய்ச்சல்கூட என்னைப் பார்த்தால் அடுத்த வீட்டுக்குப் போய்விடும். என் விரலில் மாட்டினேன். 92. கையைச் சூடு பண்ணி மாட்டினேன். 92. வேறு விரல். அதே 92.

விஷயம் இவ்வளவுதான். எனக்கு 98 இருக்க வேண்டும், காட்டுவது 92. கருவி ஆறு குறைத்துக் காட்டுகிறது. அப்படியானால் அவருடைய 92 உண்மையில் 98! வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இத்தனை நாள் வீணாகச் செத்துச் செத்துப் பிழைத்திருக்கிறேன்.

இனி எது காட்டினாலும் ஆறு கூட்டிக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

94. கூட்டல் ஆறு. என் புருஷன் நூற்றுக்கு நூறு. பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் வாங்கியிருக்க மாட்டார்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

லிப்ட் மறுபடியும் கெட்டுவிட்டது. சந்தைப் பையோடு ஏறினேன். நாலாவது மாடியிலேயே நின்றுவிட்டேன். மூச்சு வாங்கியது, நெஞ்சு மத்தளம் அடித்தது. மேலே இருந்து இறங்கிய ரொஸ்னா பையை வாங்கிக்கொண்டு, "என்னக்கா, மொகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு?" என்றாள். தூக்கம் போதவில்லை, வயசும் ஆகிறதே என்றேன். இடது கெண்டைக்கால் வேறு இரண்டு நாளாக இழுத்துப் பிடிக்கிறது. அதற்கென்ன, காலம் முழுக்க நின்று வேலை பார்த்த கால்.

அவர் இன்று இரண்டு தோசை சாப்பிட்டார். மூன்றாவது கேட்டார். அதை எழுதத்தான் டைரியை எடுத்தேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

காலையில் 97. நல்லது என்று சந்தோஷமாகக் கூட்டினேன். நூற்று மூன்று.

நூற்றுக்கு நூற்று மூன்று எப்படி வரும்? மறுபடி மாட்டினேன், 97. என் விரலில் 91. இவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஒடம்பு இப்ப ஃபுல் டேங்க்குக்கு மேல வழியுது போல" என்கிறார். சிரித்ததில் இருமல் வந்து, இருமலுக்குப் பிறகும் சிரித்தார்.

ஒரே மாதிரிக் குறைத்தால் கூட்டிக்கொள்ளலாம். ஆளுக்கு ஒரு மாதிரி காட்டுகிற கருவியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நாளைக்குக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் மறு வேலை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக வரும், பரவாயில்லை.

மருந்துக்கடையில் ஸஹ்ரா என்கிற பெண்தான் இருந்தாள். முக்காடு போட்ட, மெதுவாகப் பேசுகிற பிள்ளை. அவளிடம் போய் ஒரு பாட்டம் சத்தம் போட்டேன். நோயாளிக்கு 97 காட்டுகிறது, நல்லாயிருக்கிற எனக்கு 91 காட்டுகிறது, இதை நம்பி ஒரு உயிரை வைத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். அவள் புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்துக் கொடுத்தாள். மாட்டினேன். 90. "பாத்தியா, இதுவும் ரிஜெக்ட். ஒங்க சரக்கு மொத்தமும் ரிஜெக்ட்" என்றேன்.

அவள் அதைக் கழற்றித் தன் விரலில் மாட்டினாள். 99. பழையதை மாட்டினாள். 99. காசு கொடுக்க வரிசையில் நின்ற சீனக் கிழவர் தானாகவே விரலை நீட்டினார். அவருக்கு 97. பிறகு மறுபடி எனக்கு. 90.

அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. அடுத்த பெட்டியைப் பிரி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, "ஆன்டி, மெஷின் ரெண்டும் சரியாத்தான் இருக்கு. நீங்க உக்காருங்க" என்றாள். கீழே உள்ள எண்ணைக் காட்டினாள். 118. சும்மா நின்றுகொண்டிருந்தவளின் நாடி. மூச்சு வாங்குதா, நெஞ்சு வலிக்குதா, கால் வீங்கியிருக்கா என்று வரிசையாகக் கேட்டாள். பாவாடையைக் கொஞ்சம் தூக்கி இரண்டு காலையும் பார்த்தேன். இடது கால் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரிக்கு இப்பவே போங்க, வீட்டுக்குப் போகாதீங்க என்றாள். வீட்டில் ரசம் வைத்துவிட்டு வந்திருக்கிறேன், அவருக்குச் சோறு போட வேண்டும் என்று நான் அவளிடம் வாதாடினேன். இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவளே என் போனை வாங்கி வீட்டுக்கு அழைத்தாள். ரொஸ்னா காடியில் வந்தாள். முன் சீட்டில் இவர், கைலியும் பழைய சட்டையுமாக. படுத்திருக்க வேண்டிய மனுஷன் இறங்கி வந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டார்.

ஆகஸ்ட் 21, புதன்

நேற்று ராத்திரியே இந்த டைரியை இவரிடம் கொண்டுவரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். வார்டில் இருக்கிறேன், மூக்கில் குழாய்.

கட்டி. ரத்தக் கட்டி. காலில் உண்டானது, அதில் ஒரு துண்டு மேலே போய் நுரையீரலில் அடைத்துக்கொண்டிருக்கிறது. நாள் கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் சிலருக்கு இப்படி வருமாம். நான் அவரைக் காப்பாத்துறேன்னு உக்காந்து உக்காந்து— ஐயோ, என்ன கூத்து இது. எனக்கு ஒன்னு ஆயிட்டா அவருக்கு யாரு மாத்திரை எடுத்துக் குடுப்பா? எது எந்த வேளைக்குன்னுகூட அவருக்குத் தெரியாது. ஷர்மினி பஸ் ஏறிட்டாளாம். பயமா இருக்கு. முருகா, பயமா இருக்கு.

ஆகஸ்ட் 23, வெள்ளி

இன்று மூச்சு இலேசாக வருகிறது. குழாயோடு 96. ஊசியும் மாத்திரையுமாக ரத்தத்தை இளக வைக்கிறார்கள். டாக்டர் அம்மா மலாயில் நிதானமாக விளக்கினார். கட்டி நடுத்தர அளவாம், இதயம் நன்றாகத் தாங்கியிருக்கிறதாம். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டேன். "வந்துட்டீங்கல்ல, அத விடுங்க" என்கிற மாதிரிக் கையை அசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இவர் பாசம் மேலிட்டு என் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார். நர்ஸ் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. அந்தக் காலைத் தேய்க்கவே கூடாதாம். திருதிருவென்று விழித்துக்கொண்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். கல்யாணமாகி முதல் தடவை காலைப் பிடிக்கிறார், அதற்கும் தடை. வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு அவர் வாசலில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைத் தேடிப் போனார். உட்காராதீங்க, நடங்க, பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து நடங்க என்று விரட்டினேன்.

சிரிப்பெல்லாம் அடங்கின பிறகு ஒன்று உறைத்தது. நான் ஆறு கூட்டிக்கொண்டிருந்த நாட்களில் அவருக்கு உண்மையாகவே இறங்கியிருந்தால்? 86-ஐப் பார்த்து 92 என்று நிம்மதியாகக் கஞ்சி காய்ச்சியிருப்பேன். இறங்கவில்லை. ஏறிக்கொண்டுதான் இருந்தது. அவர் தேறியதால்தான் கணக்கு நூறைத் தாண்டியது, கணக்கு தாண்டியதால்தான் நான் கடைக்குப் போனேன். அவர் தேறாமல் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

வீட்டுக்கு வந்துவிட்டேன். ஷர்மினி சமைக்கிறாள், உப்பு கொஞ்சம் தூக்கல், யாரும் வாய் திறக்கவில்லை. இப்போது நோயாளிகள் இரண்டு, கிளிப் ஒன்று. அவருக்கு 97, எனக்கு 95. "ரெண்டு மார்க்கு கம்மி. நல்லா படி" என்கிறார். என் மாத்திரைக்குப் போனில் மணி வைத்திருக்கிறார். மணி அடிப்பதற்கு முன்பே தண்ணீரோடு வந்து நிற்கிறார். இந்த ஆளுக்கு இதெல்லாம் தெரியாது என்று நினைத்தேன்.

செப்டம்பர் 16, திங்கள்

மலேசியா தினம், விடுமுறை. இரண்டு பேரும் கடற்கரை வரை நடந்தோம். 97, 97.

நவம்பர் 10, ஞாயிறு

ரொஸ்னாவைப் பெற்ற அத்தா அப்துல் ஹமீது நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருக்கிறார். நெஞ்சுச் சளி, தேறிவிட்டார். வீட்டில் ஆக்சிஜன் பார்க்கச் சொன்னார்களாம். "அக்கா, ஒங்க கிளிப்ப தாங்க, நான் அப்புறம் ஒன்னு வாங்கிக்கிறேன்" என்று வந்தாள்.

எங்கே வைத்தோம்? கட்டில் பக்கம் இல்லை, சாமி அறையில் இல்லை. "நீதானே கடைசியா பாத்த?" என்கிறார் இவர். "நீங்கதான்" என்கிறேன் நான். கடைசியாக எப்போது பார்த்தோம் என்றே இருவருக்கும் தெரியவில்லை. தீபாவளிக்கு முன்பா? ரொஸ்னா நிற்க நிற்க நாங்கள் அலமாரியைக் குடைந்தோம். கடைசியில் கரண்டிகளுக்கு அடியில் இருந்தது. பேட்டரி செத்துக் கிடந்தது. இவர் டிவி ரிமோட்டுக்கு வைத்திருந்ததில் இரண்டு எடுத்து மாற்றிக் கொடுத்தார்.

அவள் வாங்கிக்கொண்டு அவசரமாகத் தன் வீட்டு வாசல் வரை போய்விட்டாள். நான் கூப்பிட்டேன்.

"அத்தாவுக்கு அப்புறம் போடு. மொதல்ல ஒன் விரல்ல போடு."

"எனக்கு எதுக்குக்கா? நான் நல்லாத்தானே இருக்கேன்?"

"நானும் அப்படித்தான்டி சொன்னேன்."

அவள் என்னைப் பார்த்தாள், பிறகு சிரிக்காமல் விரலில் மாட்டினாள். இவரும் என் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்த்தார். எண் வரக் கொஞ்ச நேரம் பிடித்தது. 99. சரி, போ என்றேன்.