உதிர்ந்துபோன திருத்தச் சீட்டு

மூலக்குளம், புதுச்சேரி
4 நவம்பர் 2025

அன்பு மகள் ஜெர்லினுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளை விக்டரும் அந்தக் குளிரில் சுகமாக இருக்க மாதாவிடம் வேண்டிக்கொள்கிறோம். இங்கே மழை பிடித்துக்கொண்டது. முந்தாநாள் கல்லறைத் திருநாளுக்குப் போய் மெழுகுவர்த்தி கொளுத்த முடியாமல் பூவை மட்டும் வைத்துவிட்டு வந்தோம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதனால் தேங்காய்த்திட்டுக்கு நானே போய் மீன் வாங்குகிறேன், நான் வாங்குவதெல்லாம் நேற்றைய மீன் என்று அவள் சொல்கிறாள். உன் தம்பி ரிச்சர்டுக்கு மேட்டுப்பாளையம் கம்பெனியில் ஷிஃப்ட் மாற்றிவிட்டார்கள், ஞாயிறு பூசைக்குக்கூட வர முடிவதில்லை.

போன வாரம் அம்மாவின் போனுக்கு நீ அனுப்பிய செய்தியைப் படித்தேன். "யாருமே கேக்காதப்ப அப்பா ஏன் தானா போய் மாட்டிக்கிட்டாரு" என்று கேட்டிருந்தாய். போனில் பதில் சொன்னால் பாதியிலேயே நீ சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். கடைசி வரை படி.

பழைய ஓவியங்களையும் சிற்பங்களையும் கெடாமல் காப்பது பற்றிய ஆய்விதழில்தான் இருபத்தொன்பது வருஷம் மெய்ப்புத் திருத்தினேன், அது உனக்குத் தெரியும். 1997 மார்ச் இதழில் நடந்தது தெரியாது. அழுக்கேறிய எண்ணெய் ஓவியத்தைத் துடைக்கும் கரைசல் பற்றி அதில் ஒரு கட்டுரை வந்தது. நூறு பங்கு தண்ணீருக்கு மருந்து 0.5 பங்கு என்று இருக்க வேண்டியது வெறும் 5 என்று அச்சாகிவிட்டது, பத்து மடங்கு. உனக்கு அம்மை போட்டிருந்த வாரம் அது, ஆனாலும் அதைக் காரணமாகச் சொல்ல மாட்டேன், பார்த்த கண் என்னுடையது. இதழ் தபாலில் போன பிறகுதான் கண்டுபிடித்தேன். நேரே ஆசிரியர் கிருஷ்ணசாமியிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "முசியே சூசை, இன்னைக்கே சீட்டு அடிங்க" என்று மட்டும் தன் வழக்கமான பிரெஞ்சு மரியாதையோடு சொன்னார். ஒன்பது நாளில் சந்தாதாரர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் திருத்தச் சீட்டு போய்ச் சேர்ந்தது. எங்கள் நூலகப் பிரதியில் அந்தப் பக்கத்திலேயே என் கையால் செருகி வைத்தேன். ஒட்டவில்லை, பசை தாளை அரித்துவிடும் என்று எங்கள் இதழிலேயே எத்தனையோ முறை எழுதியிருக்கிறோம்.

பிறகு கிருஷ்ணசாமி காலமானார், வினோத்குமார் ஆசிரியரானார், 2021-இல் அச்சு நின்றது. இணையதளத்தில் போடுவதற்காகப் பழைய தொகுதிகளை எல்லாம் பெட்டி பெட்டியாக ஸ்கேன் செய்ய அனுப்பினார்கள். உள்ளே தனிச் சீட்டுகள் இருக்கின்றன, பார்த்துச் செய்யச் சொல்லுங்கள் என்று ஓய்வு பெற்ற பிறகும் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். தளம் திறந்த அன்று, இனிமேல் உலகத்தில் எங்கிருந்தும் படிக்கலாம் என்று நீ போனில் சந்தோஷப்பட்டாய். எனக்குக் கணினி மேல் விரோதம் எதுவும் இல்லை, ஜெர்லின். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாம் நடந்துவிட்டது என்ற வீம்பில் நான் அந்தத் தளத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அந்த ஒரு பக்கத்தையாவது பார்த்திருக்கலாம். இது என்னுடைய இரண்டாவது தவறு, இதற்கு அம்மை கூடக் காரணம் இல்லை.

இந்த மே மாதம் சுடர்விழி என்று ஒரு பெண் நம் வீட்டைத் தேடி வந்தாள். முப்பது வயது இருக்கும். அப்பா பஞ்சாலையில் இருந்தவர், மில் மூடிய பிறகு கூலி வேலைக்குப் போய் இவளைப் படிக்க வைத்திருக்கிறார். ஓவியப் பாதுகாப்புப் படித்துவிட்டு, இதழை நடத்தும் எங்கள் நிறுவனத்திலேயே ஒப்பந்தத்தில் இருந்தாள். வில்லியனூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக் கோயிலில் பெரிய மாதா படம், புகையேறிக் கறுத்துப்போனது, அதைச் சுத்தம் செய்ய அவளை அனுப்பியிருக்கிறார்கள். நம்முடைய சொந்த இதழ்தானே என்று எங்கள் தளத்திலிருந்த அந்தக் கட்டுரையைப் படித்துக் கரைசல் கலந்திருக்கிறாள். முறைப்படி கீழ் மூலையில் சோதித்தும் பார்த்தாள், அங்கே ஒன்றும் ஆகவில்லை. மேலே மாதாவின் நீலப் போர்வையில் பஞ்சை வைத்ததும் நீலம் கையோடு வந்துவிட்டது. இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் படம் வரைந்த அடித்துணி தெரிந்தது. அன்றைக்கே அவளாகவே போய்ச் சொன்னாள். விசாரணை வைத்தார்கள், கவனக்குறைவு என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். பழைய இதழின் பின்னட்டையில் என் பெயரைப் பார்த்து விலாசம் விசாரித்துக்கொண்டு வந்தவள், போனை என் முன்னால் நீட்டி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இந்த அஞ்சு சரிதானா சார்?"

இருபத்தெட்டு வருஷம் கழித்து அந்த எண்ணைப் பார்த்தேன். அம்மா காப்பி கொண்டுவந்து வைத்தாள், இரண்டு பேரும் தொடவில்லை. சரியில்லைம்மா, அது என் தப்பு என்று சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன், அழுதாள்.

மறுநாளே வினோத்குமாரிடம் போனேன். திருத்தச் சீட்டு எங்கே என்று கேட்டேன். "அது வெறும் துண்டுச் சீட்டு சார், பக்க நம்பர்கூட கெடையாது. ஸ்கேன் பண்றவன் அத எதுல சேப்பான்?" என்றார். தொகுதியைப் பிரித்தபோது உதிர்ந்திருக்கும், குப்பையோடு போயிருக்கும் என்பதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் எழுதிக் கொடுத்த கடிதமும் இல்லையாம். இப்போது இதைக் கிளறினால் தளத்தைப் பயன்படுத்தும் பெரிய பெரிய பல்கலைக்கழகங்கள் எல்லாம் கேள்வி கேட்கும், நீங்கள் பேசாமல் வீட்டில் ஓய்வெடுங்கள் என்றார். அந்தப் பெண் வேலையை இழந்து நிற்கும்போது நான் எப்படி ஓய்வெடுப்பது? தவறு அச்சில் என்னால் நேர்ந்தது, ஒன்பது நாளில் திருத்தப்பட்டது, தளத்தில் மறுபடியும் ஏறிவிட்டது, சுடர்விழி மேல் குற்றம் இல்லை என்று கையெழுத்துப் போட்டு நிர்வாகத்துக்கும் அந்தக் கோயில் சாமியாருக்கும் கொடுத்தேன். நீ கேட்ட மாட்டிக்கொள்வது இதுதான்.

என்ன ஆயிற்று என்று கேட்பாய். ஐந்து மாதம் கழித்து, போன மாதம், கட்டுரையின் மேலே ஒரு வரி போட்டார்கள். அளவு 0.5 என்று படிக்கவும், பிழை அச்சுக் காலத்து மெய்ப்புத் திருத்துநரால் நேர்ந்தது என்று. அப்போதே திருத்தினோம் என்பது அதில் இல்லை, சீட்டை அவர்கள் தொலைத்ததும் இல்லை. படிப்பவர்கள் இருபத்தெட்டு வருஷம் நான் வாய் மூடிக்கொண்டிருந்தேன் என்றுதான் நினைப்பார்கள். ஆண்டு விழாவுக்குப் பழைய ஊழியர்களை எல்லாம் கூப்பிட்டார்கள், எனக்கு அழைப்பு வரவில்லை. சுடர்விழியைத் திரும்ப எடுக்கவில்லை. ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். இப்போது ஒரு தனியார் பள்ளியில் டிராயிங் டீச்சராக இருக்கிறாள். போன மாதக் கடைசி ஞாயிறு அவளோடு அந்தக் கோயிலுக்குப் போனேன். நீலம் போன இடத்தை மறைத்து வெள்ளைத் துணி தொங்கவிட்டிருக்கிறார்கள். அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீங்க ஒருத்தராவது சொன்னீங்க சார். ஆனா அந்த நீலம் வராது" என்றாள்.

எனக்காக வினோத்குமாருக்குப் போன் போட்டுப் பேசாதே, அவமானம் எனக்குப் பழகிவிட்டது. ஒன்று மட்டும் செய். அந்தத் தளத்தில் வாசகர்கள் கருத்து எழுத ஓர் இடம் இருக்கிறதாம், எனக்குப் போடத் தெரியவில்லை. நீ உன் பெயரில், சுடர்விழி படித்தது சரி, நாங்கள் கொடுத்ததுதான் தவறு என்று நல்ல இங்கிலீஷில் எழுது. அழித்தால் மறுபடியும் எழுது.

காலில் உறை இல்லாமல் வெளியே போகாதே, மாப்பிள்ளையை இருமலுக்கு டாக்டரிடம் காட்டு. ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூப்பிடு, அவளிடம் இதைப் பற்றிப் பேச வேண்டாம். மாதாவும் சூசையப்பரும் உங்கள் இருவருக்கும் துணையிருக்கட்டும்.

உன் அப்பா,
சூசைநாதன்