சொன்னதா, நினைச்சதா?

அன்பும் பொறுமையும் ஒருசேர வாய்த்த என் நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். நாங்கள் இருவரும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். முதல் வரியிலேயே ஐஸ் வைக்கிறாளே என்று நினைக்காதே. உன் அண்ணனிடம் இப்படிச் சொல்லியிருந்தால் எங்கே வைத்தாய் என்று தேடியிருப்பார். அதுவும் போன மாதம் வரைக்கும்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பக்கவாதம் வந்து, இடது கை தேறி, இனி வேலை பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னதும் உன் அண்ணன் தன் முடிதிருத்தும் கடைக்குப் போனாரே, அந்த முதல் நாள் கதையை உனக்குப் போனில் அரைகுறையாகத்தான் சொன்னேன். சவரத்துக்கு வந்தவர் முகமெல்லாம் நுரையோடு, போனில் யாரிடமோ, "யோவ், சும்மா கழுத்தறுக்காதய்யா" என்றிருக்கிறார். அவர் கழுத்தில் உன் அண்ணன் பிடித்த கத்தி. கத்தியைக் கீழே போட்டுவிட்டு, "நான் அறுக்கலைங்க, சத்தியமா அறுக்கலைங்க" என்று கைகூப்பினாராம். பாதிச் சவரத்தோடு எழுந்து போனார் அந்த மனிதர். இருபத்திரண்டு வருஷமாக வாயாலேயே வாடிக்கை பிடித்தவருக்கு, அடுத்தவர் வாயைத் திறந்தாலே பயம் வந்துவிட்டது. அதன் பிறகு கடைப் பக்கமே போகவில்லை.

என் தப்பையும் மறைக்கக் கூடாது. ஒருநாள் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் கொடு, மாத்திரை எங்கே, ஜன்னலைச் சாத்து என்று வரிசையாகக் கேட்டார். "ஏங்க, என் உசுரை வாங்காதீங்க" என்றேன். அவ்வளவுதான். மூன்று நாள் என்னிடம் எதுவுமே கேட்கவில்லை. மாத்திரையை வெறும் வாயில் போட்டு விழுங்கினார். கோபமாக்கும் என்று நானும் முறுக்கிக்கொண்டேன். மூன்றாம் நாள் சமையலறையில் எனக்கு நாலு தும்மல் வந்தது. ஓடிவந்து, "உனக்கு ஒண்ணும் ஆகலையே? நான்தான் எதுவும் கேக்கலையே" என்றார். அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அன்றைக்குத்தான் உனக்கு அந்த நீளக் கடிதத்தை எழுதினேன்.

நீ ஆறுதல் எழுதுவாய் என்று பார்த்தால் ஒரு நோட்டு அனுப்பினாய். அவருக்குப் பிடிவாதம் இல்லை, சொல்லுக்குள் இருக்கும் சொல்லைப் பிடிக்கிற இடம் மூளையில் அடிபட்டிருக்கிறது, நான் வகுப்பில் பிள்ளைகளுக்கு அணியிலக்கணம் நடத்துகிற மாதிரி மறுபடியும் நடத்திப் பாருங்கள் அண்ணி என்று எழுதியிருந்தாய். எட்டாம் வகுப்பில் அதே பாடத்தில் நான் வாங்கிய மார்க்கு உனக்குத் தெரியாது, நல்லவேளை. உவமையில் 'மாதிரி' என்று ஒரு கைப்பிடி இருக்கும், முதலில் அதைப் பிடிக்கட்டும் என்றாய். அப்புறம் கைப்பிடியில்லாத உருவகம். உயர்வு நவிற்சி வந்தால் அளவைக் குறைத்துப் பார்க்க வேண்டும். எதைக் கேட்டாலும், பயப்படும் முன் ஒரே கேள்வி: "சொன்னதா, நினைச்சதா?" வாய் சொன்னதை எடுப்பதா, மனசு நினைச்சதை எடுப்பதா என்று. அதை நோட்டின் அட்டையிலேயே எழுதிவிட்டாய். இரண்டு மாதம் தினமும் ஒரு பக்கம் படித்தோம். ஒருநாள் எதிர்வீட்டம்மா வாசலில் நின்று மண்டை வெடிக்கிறது என்று புலம்ப, இவர் என்னிடம் மெதுவாக, "அளவைக் குறைச்சா தலைவலி" என்றார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

வஞ்சப்புகழ்ச்சி மட்டும் ஏறவே இல்லை. புகழ்கிற மாதிரி திட்டுவதும் திட்டுகிற மாதிரி கொஞ்சுவதும்தானே எங்கள் வீட்டுப் பாஷை! கல்யாணமான நாளிலிருந்து என்னை நேராகப் பாராட்டாத மனிதர், இந்த ஏழு மாதமும் நான் எதைக் கேட்டாலும் "நல்லாயிருக்கு" என்றே சொன்னார். ஆள் பக்கத்தில்தான் இருந்தார், எனக்குப் பேச்சுத்துணைதான் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை, நாளைக்குக் கடைக்குப் போய்ப் பார்க்கிறேன் என்று அவராகவே சொன்னார். முடி வெட்டுகிறவர் தலை காடாக இருந்தால் யார் வருவார்கள் என்று நானே கத்தரியை எடுத்தேன். பிடரியில் ஒரு பக்கம் ஏறிவிட்டது, சரிசெய்யப் போய் மறுபக்கமும் ஏறிவிட்டது. இரண்டு கண்ணாடி வைத்து நிதானமாகப் பார்த்தார். "இப்படி வெட்ட யாராலயும் முடியாது. நாளைலேர்ந்து கடையை நீயே பாத்துக்கோ" என்றார். "சொன்னதா, நினைச்சதா?" என்று கேட்டேன். அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்! கத்தரியைக் கையில் வைத்துக்கொண்டு நான் ஓவென்று அழுதேன். என் புருஷனை எனக்குத் திருப்பிக் கொடுத்தாய். உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் கடையில், பாதிச் சவரத்தோடு போன அந்த வாடிக்கைக்காரரே வந்து, "கழுத்து உங்க பொறுப்பு" என்று உட்கார்ந்தாராம். இவர் அதே கேள்வியைக் கேட்க, "ரெண்டும்தான்" என்றாராம். முழுச் சவரம் முடித்துத்தான் அனுப்பினார்.

இன்னும் ஒன்று பாக்கி. நீ ஆஸ்பத்திரியிலிருந்து ஊருக்குக் கிளம்பிய அன்று, ஒழுங்காகப் பயிற்சி செய்யாவிட்டால் இனி உன் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன் என்று அவரை அதட்டிவிட்டுப் போனாய். உனக்கு ஞாபகம்கூட இருக்காது. நீ போன் பண்ணும்போதெல்லாம் அவர் பேசாமல் என் கையில் கொடுத்ததற்கு அதுதான் காரணம். நீ வரவே மாட்டாய் என்று நம்பி, வாய்விட்டுச் சொல்லாமல் இருந்திருக்கிறார். நேற்றுத்தான் என்னிடம், "அவ அன்னைக்கு வேற நினைச்சுத்தானே அப்படிச் சொன்னா?" என்று கேட்டார்.

இதை எழுதும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். உனக்கு என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "அவ வராததால வீடு எவ்வளவு நிம்மதியா இருக்கு! இன்னும் பத்து வருஷத்துக்கு வரவேண்டாம்னு எழுது" என்றார். அப்படியே எழுதவா என்றேன். "அப்படியே எழுது. அவ டீச்சர், புரிஞ்சுக்குவா" என்றார்.

அப்படியே எழுதிவிட்டேன். உன் பள்ளிக்கூடத்துக்கு எப்போது லீவு?

நீ நன்றாக இருக்க வேண்டும்,
உன் அண்ணி